ரெஜினா அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி

1. பசியாறினியா

ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்த முதல் நாள் காலை, ஒத்திகை அறைக்குள் நுழைந்ததும் ரெஜினா அக்கா என்னிடம் கேட்டது, "பசியாறினியா?" என்றுதான். ஆச்சுக்கா என்றேன். அடுத்து அவர் கேட்டது எனக்குப் புரியவே இல்லை.

"மூச்சு இழுக்கிறப்ப சத்தம் வருமா உனக்கு?"

சத்தம் வராமல் இழுக்கத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"இங்க சத்தமா இழு. உன்னுது எனக்குக் கேக்கணும், என்னுது உனக்குக் கேக்கணும். மத்ததெல்லாம் பேப்பர்ல இருக்கு லா."

இதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாண மண்டபத்தில் சினிமாப் பாட்டுப் பாடுகிற குழு. என் சித்தப்பாகூட அப்படித்தான் நினைத்துக்கொண்டு, தன் மகள் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவீர்கள், சைவமா அசைவமா என்று கேட்டார். நான் சொல்வது மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா. எல்லாரும் கறுப்பு உடையில், வயலின்காரர்கள் முன்னால், ஊதுகிறவர்கள் பின்னால் என்று அரைவட்டமாக உட்கார்ந்திருப்போம். எதிரே ஒருவர் குச்சியைப் பிடித்து நடத்துவார். அவருக்குப் பெயர் கண்டக்டர். டிக்கெட் கொடுப்பவரா என்று கேட்காதீர்கள், என் அத்தை கேட்டுவிட்டார்.

நான் வாசிப்பது பிரெஞ்சு ஹார்ன். கிள்ளானில் நான் படித்த பள்ளியில் பேண்டு இருந்தது. பையன்கள் எல்லாரும் டிரம்பெட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். அடிதடியில் எனக்கு எப்போதுமே ஆர்வம் கிடையாது. ஓரமாக நின்றிருந்தேன், ஓரமாகக் கிடந்த ஹார்ன் என் கைக்கு வந்தது. பித்தளைக் குழாயை வட்டமாகச் சுருட்டி வைத்த வாத்தியம் அது. இடது கை விரல்கள் வால்வுகளை அழுத்தும். வலது கையை அகன்ற வாய்க்குள் விட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வாய் பின்பக்கம் பார்த்து இருக்கும். அதாவது, காசு கொடுத்து வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு முதுகைக் காட்டியபடிதான் எங்கள் சத்தம் கிளம்பும். பின்சுவரில் போய்ப் பட்டு, திரும்பி வந்துதான் சபைக்குப் போகும். அதனால் நாங்கள் மற்றவர்களைவிட ஒரு பொட்டு முந்தியே வாசிக்க வேண்டும். நான் வாசித்ததை நானே கொஞ்சம் கழித்துத்தான் கேட்கிறேன். இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அது அதிசயமாகத்தான் இருக்கிறது.

ஹார்ன் வரிசையில் நாங்கள் நான்கு பேர். முதலாவதும் மூன்றாவதும் உயர்ந்த நோட்டுகளை, அதாவது சுரங்களை வாசிக்கும், இரண்டாவதும் நான்காவதும் தாழ்ந்த நோட்டுகளை வாசிக்கும். ரெஜினா அக்கா முதல் ஹார்ன், சுங்கை வேயில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட மூத்தவர். நான் இரண்டாவது. மூன்றாவது அஸ்லான், நான்காவது ஒரு சீனப் பெரியவர். ஸோலோ, அதாவது தனியாக வாசிக்கிற இடம், பெரும்பாலும் முதல் ஹார்னுக்கு வரும். இரண்டாவது ஹார்னின் வேலை அதன் காலடியில் ஒரு பாய் விரித்துக் கொடுப்பது. அவர் எப்போது தொடங்குவார், எவ்வளவு மெதுவாக முடிப்பார் என்பதெல்லாம் அவருடைய மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட வேண்டும். சில மாதங்களில் தெரிய ஆரம்பித்தது. சில வருடங்களில், அவர் மூச்சு இழுத்தால் நான் நினைக்காமலேயே என் நெஞ்சும் விரிந்தது. வீட்டில் என் மனைவி கலா பெருமூச்சு விட்டால்கூட எனக்கு அவ்வளவு சட்டென்று புரியாது. அதற்காக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

2. சும்மா இருக்கிற நேரம்

ஹார்ன்காரன் வாசிக்கிற நேரத்தைவிட வாசிக்காத நேரம்தான் அதிகம். வயலின்காரர்கள் வியர்க்க விறுவிறுக்க இழுத்துக்கொண்டிருப்பார்கள், நாங்கள் ஹார்னை மடியில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருப்போம். காகிதத்தில் ஒரு கோடும் அதன் மேல் ஓர் எண்ணும் இருக்கும். அத்தனை பார், அதாவது அத்தனை தாளச் சுற்று, சும்மா இரு என்று அர்த்தம். சில பாட்டில் அந்த எண்ணைப் பார்த்தால் கடைக்குப் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்துவிடலாம் போல இருக்கும்.

எண்ணுகிறது ஒரு விசித்திரமான நிலை. விரல் எண்ணிக்கொண்டிருக்கும், மனசு எங்கோ போயிருக்கும். நான் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து போகிறவன். மேடையில் எண்ணும்போது அடிக்கடி ரயிலில்தான் இருப்பேன். ஜன்னலில் மழை, ஷா ஆலம் பக்கத்துத் தொழிற்சாலைக் கூரைகள், ஈரமான வாழைகள், எதிரே தூங்கி விழுகிற யாரோ ஒருவர். இதற்கிடையில் விரல் தன் பாட்டுக்கு மடிந்துகொண்டே வரும். திடீரென்று பக்கத்தில் அக்கா ஹார்னைத் தூக்குவார். நானும் தூக்குவேன். மேடை, விளக்கு, கறுப்புக் கோட்டு எல்லாம் திரும்பி வந்துவிடும். எண்ணிக்கை சரியாக இருக்கும். எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அஸ்லான் இதை நம்ப மாட்டான். நீ எண்ணுவதே இல்லை, அக்காவைப் பார்த்துத்தான் தூக்குகிறாய் என்பான். இருக்கலாம்.

3. யாருக்கு என்ன ஆச்சு

காலையில் எழுந்ததும் நீளமான நோட்டுகளை ஊதிப் பழக வேண்டும். உதடு விழிக்கிற வரைக்கும் மெதுவாக, ஒரே நோட்டை, மூச்சு தீருகிற வரை. கிள்ளானில் நாங்கள் இப்போதிருக்கிற வீட்டுக்குக் குடிவந்த மறுநாள் அப்படி ஊதிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆன்டி கேட்டைத் தட்டினார். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, கலாவின் கையைப் பிடித்து, பெரியவங்க யாரும்மா என்று கேட்டார். யாரோ தவறிவிட்டார்கள், சங்கு ஊதுகிறார்கள் என்று நினைத்துவிட்டார் பாவம். கலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. துக்க வீட்டில் பொண்ணு சிரிக்கிறாளே என்று ஆன்டி இன்னும் கலங்கிப் போனார்.

ரெஜினா அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதற்கப்புறம் அவர் அப்படிச் சிரித்து நான் வெகு நாள் பார்க்கவில்லை.

4. தண்ணீர் விட்ட நாள் குழாய்

எங்கள் பக்கத்தில் தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்ப விடுகிற நாளில் குழாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். காற்றடைத்துக் கொஞ்ச நேரம் ஒன்றுமே வராது, பிறகு இருமும், பிறகுதான் தண்ணீர். அக்காவுக்கு அதுதான் வந்தது.

அவர் மூச்சு இழுப்பார். அது முன்போலவே நிறைவாக இருக்கும். ஆனால் நோட்டு வராது. உதடும் நாக்கும் அப்படியே நின்றுவிடும். திக்கிப் பேசுகிறவருக்கு முதல் எழுத்தில் சிக்குவது மாதிரி, முதல் நோட்டில் சிக்கல். ஒருமுறை தொடங்கிவிட்டால் அப்புறம் ஆறு மாதிரி ஓடும். பலரோடு சேர்ந்து தொடங்குகிற இடத்திலும் தொல்லை இல்லை. தனியாகத் தொடங்குகிற இடத்தில்தான் நிற்கும். பித்தளை வாத்தியம் ஊதுகிறவர்களுக்கு இது வருவதுண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். பேய்க் கதை கேட்பது போலத்தான் கேட்டிருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை அவர். எனக்கும் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மூச்சுக்கும் நோட்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி வர ஆரம்பித்ததைக் கேட்டுக்கொண்டுதானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒத்திகையில் ஒரு நாள் இரண்டு தடவை தவறவிட்டார். வால்வு ஒட்டிக்கொள்கிறது என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு எண்ணெய் போட்டார். நான் என் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. முதல் ஹார்ன் என்பது அக்காவுக்கு வேலை மட்டுமில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த நாற்காலியும் போனால் அவர் என்ன செய்வார் என்று ரயிலில் யோசித்துக்கொண்டே வருவேன்.

5. எழுந்து நின்றவர்

அந்த வருடம் ஒரு பெரிய சிம்பனி போட்டோம். அதன் மெதுவான பகுதியில் முதல் ஹார்னுக்கு ஒரு ஸோலோ. வயலினுக்குப் பெரியண்ணன்களான செல்லோக்களும் பாஸ்களும் தாழ்ந்த குரலில் சில கார்டு, அதாவது பல நோட்டுகள் சேர்ந்து ஒலிப்பது, வாசிப்பார்கள். பிறகு இருட்டிலிருந்து ஒருவர் பேச ஆரம்பிப்பது போல ஹார்ன் மட்டும் வரும். நடுத்தர உயரத்தில் தொடங்குவதால் என்னைப் போன்ற தாழ்ந்த ஹார்ன்காரனுக்கும் எட்டுகிற ஸோலோதான். எத்தனையோ தடவை பக்கத்திலிருந்து கேட்டதில் எனக்கு மனப்பாடம்.

கச்சேரி அன்று மண்டபம் நிறைந்திருந்தது. செல்லோக்கள் கடைசிக் கார்டுக்கு வந்தார்கள். கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு இடது கையை எங்கள் பக்கம் நீட்டினார். அக்கா மூச்சு இழுத்தார். அது கேட்டது. பின்சுவரிலிருந்து நோட்டு வந்தது.

நன்றாக வந்துவிட்டது, கடவுளே என்று நினைத்தேன். என்ன ஒரு அமைதியான தொடக்கம், அக்காவுக்குச் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் என் உதடு அதிர்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. வாசித்துக்கொண்டிருந்தது நான்.

சத்தியமாக நான் முடிவெடுத்துச் செய்யவில்லை. ஹார்ன் வாயருகே தயாராக இருந்தது. இழுத்த மூச்சு வெளியே போக வேண்டியிருந்தது, வழக்கமான வழியில் போய்விட்டது. அதற்குமேல் நடுவில் நிறுத்த முடியாது. கடைக்கண்ணால் பார்த்தேன். அக்கா ஹார்னை வாயில் வைத்தபடியே இருந்தார், விரல்கள் வால்வுகளைச் சரியாக அழுத்திக்கொண்டிருந்தன, சத்தம் மட்டும் இல்லை. நானே கடைசி வரை வாசித்தேன். முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேர் ஹார்னைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், சத்தமோ பின்சுவரிலிருந்து வருகிறது. யார் வாசித்தது என்று எப்படித் தெரியும்? அஸ்லானுக்குத் தெரியும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிம்பனி முடிந்து கைதட்டும்போது, ஸோலோ வாசித்தவர்களைக் கண்டக்டர் ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொல்வது வழக்கம். முதலில் அக்காவைத்தான் காட்டினார். சபை ஆரவாரித்தது. கூட வாசிக்கிறவர்கள் கைகளில் வாத்தியம் இருப்பதால் காலைத் தரையில் தேய்த்துப் பாராட்டுவார்கள். மேடை முழுக்கச் செருப்புத் தேய்கிற சத்தம். அக்கா எழவில்லை. கண்டக்டர் சிரித்துக்கொண்டே மறுபடியும் கையை உயர்த்தினார். அக்கா எழுந்து நின்றார். அந்த நிமிடம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பின்னறையில் ஹார்னைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"நல்லா வாசிச்ச குணா."

"அக்கா, நான் வேணும்னு..."

"தெரியும். மூச்சு." பெட்டியை மூடினார். "ஆனா எழுந்து நின்னது நான்தானே."

6. நான் சொன்ன யோசனை

இரண்டு நாள் கழித்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒத்திகை அறைக்குக் கீழே இருக்கிற சாப்பாட்டுக் கடையில் அக்காவை உட்கார வைத்து என் யோசனையைச் சொன்னேன். பக்கத்தில் பூக்கடைக்காரர் மாலை கட்டிக்கொண்டிருந்தார், கடை முழுக்க மல்லிகை வாசம். எனக்கு யோசனை மிகவும் எளிமையாகத் தெரிந்தது. தனியாகத் தொடங்குவதில்தானே சிக்கல். அவர் மூச்சு இழுக்கட்டும், முதல் நோட்டை நான் பூப்போல வைத்துவிடுகிறேன், அவர் அதன்மேல் ஏறிக்கொள்ளட்டும். அவர் வந்ததும் நான் விலகிக்கொள்வேன். சபைக்குத் தெரியாது, கண்டக்டருக்கும் தெரியாது.

அக்கா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"எத்தன நாளைக்கு?"

நீங்க ரிட்டையர் ஆகிற வரைக்கும் என்றேன்.

"நீ தொடங்கி நான் ஏறிக்கிட்டா, நான் இப்பவே ரிட்டையர் ஆயிட்டேன்னுதான் அர்த்தம். எனக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லல, அவ்ளோதான்."

அன்று மத்தியானமே கண்டக்டரிடம் போய் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. வலிய வந்து உதவுகிறவனை விட்டுவிட்டு இப்படித் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வார்களா? கண்டக்டர் நல்ல மனுஷன். அதே சிம்பனியை நோன்புப் பெருநாளுக்கு அப்புறம் ஷா ஆலமில் ஒரு தடவை வாசிக்கப் போகிறோம், அதில் அந்த ஸோலோவை நீங்கள் தொடங்கிவிட்டால் நாற்காலி உங்களுடையது, தொடங்க முடியாவிட்டால் வேறு ஒருவரை முதல் ஹார்னாக எடுக்க வேண்டியிருக்கும் என்றாராம்.

இதைச் சொல்லிவிட்டு அக்கா என்னிடம் ஒன்று கேட்டார்.

"அந்த எடத்துல ஹார்ன மடியில வச்சுக்க. வாய்க்கிட்ட கொண்டாராத."

"நோட்டு வரலன்னா?"

"வரலன்னா வரல."

"மூச்சு?"

"மூச்ச மட்டும் சத்தமா இழு. அது எனக்கு வேணும்."

வீட்டுக்கு வந்து கலாவிடம் புலம்பினேன். கண்ணெதிரே ஒருவர் விழுவதைக் கையைக் கட்டிக்கொண்டு எப்படிப் பார்ப்பது என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டே, ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் நீங்கதான் மூச்சு விடணுமா, அவங்க கேட்டத மட்டும் செய்யுங்க என்றாள். அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஒத்திகைகளில் சில நாள் நோட்டு வந்தது, சில நாள் வரவில்லை. வராத நாளில் செல்லோக்கள் வாசித்துக்கொண்டே போய்த் தாமாகவே நின்றுவிடுவார்கள். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதுதான் எங்கள் தொழிலில் மரியாதை. கண்டக்டர் பக்கத்தைத் திருப்பி, இன்னொரு தடவை என்பார். என் ஹார்ன் மடியில் குளிர்ந்துபோய்க் கிடக்கும்.

7. ஷா ஆலம்

மழை பெய்துகொண்டிருந்தது. மண்டபத்துக் கூரையில் அது லேசாகக் கேட்டது. செல்லோக்கள் நகர்ந்து நகர்ந்து அந்தக் கடைசிக் கார்டுக்கு வந்தார்கள். நான் ஹார்னை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் கையை நீட்டினார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

அக்கா மூச்சு இழுத்தார். நானும் இழுத்தேன், பக்கத்து வரிசைக்குக் கேட்கிற அளவுக்கு.

ஒன்றும் வரவில்லை.

கண்டக்டர் கையைக் கீழே போடவில்லை. அந்தரத்தில் அப்படியே வைத்திருந்தார். செல்லோக்கள் அதே கார்டில் நின்றார்கள். வில் நுனிவரை போய்த் திரும்பி வந்தது, மறுபடியும் போனது. என் உதடுகள் தாமாகவே சேர்ந்துகொண்டன. என் எதிரில் வெறும் காற்று. இழுத்த மூச்சு நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நின்றது. ஹார்னைத் தூக்க எனக்கு அரை நொடி போதும். அந்த நோட்டு என் வாயிலேயே இருந்தது. அது எந்த விரல், எவ்வளவு காற்று, எல்லாம் தெரியும். கைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ கச்சேரி வாசித்திருக்கிறேன். வாசிக்காமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் அளவுக்கு எதுவும் என்னைக் களைப்பாக்கியதில்லை.

பிறகு பின்சுவரிலிருந்து ஒரு கரகரப்பு வந்தது. நோட்டின் தலை உடைந்திருந்தது. யார் காதுக்கும் தெரிகிற மாதிரி உடைந்திருந்தது. அதற்குப் பின்னால் நோட்டு வந்தது, அடுத்தது வந்தது, அக்கா வந்துவிட்டார். கண்டக்டர் கை மெதுவாக அசைய ஆரம்பித்தது. செல்லோக்கள் அவருக்குக் கீழே நடந்தார்கள். நான் மூச்சை விட்டேன். எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். ஸோலோவின் முடிவில் எனக்கு ஒரு தாழ்ந்த நோட்டு இருந்தது, அதை வாசிக்காமல் விட்டுவிட்டேன். அஸ்லான் என்னைத் திரும்பிப் பார்த்தான். மரியாதை தெரியாதவன்.

இரண்டாவது நாற்காலிக்கு வரப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பக்கத்தில் இருப்பவருக்கு நோட்டு வரவில்லை என்றால், அவர் கேட்காமல் நீ எடுத்து வாசித்துவிடாதே. மூச்சைக் கொடு. கை மடியில் இருக்கட்டும். அன்றைக்கு முதல் தடவை வாசித்தது தப்பு என்று அக்கா இன்றுவரை சொல்கிறார். மூச்சு போன வழிக்கு நான் என்ன செய்வேன் என்று நானும் இன்றுவரை சொல்கிறேன். ஆனால் மடியில் வைக்கத் தெரிந்துகொண்டது அவரால்தான்.

மறுநாள் கண்டக்டர் அக்காவை முதல் ஹார்னாகவே தொடரச் சொன்னார். ஆனால் அன்று மேடையில் அந்தப் பகுதி முடிந்து, அடுத்ததற்குக் காகிதத்தைத் திருப்புகிற நேரத்தில், அது எங்கள் இருவருக்கும் தெரியாது. அக்கா ஹார்னைத் திருப்பிக் குழாயிலிருந்த தண்ணீரைத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"லேட்டு லா," என்றார், என்னைப் பார்க்காமல்.

"லேட்டுதாங்கா."

"உடைஞ்சும் போச்சு."

"உடைஞ்சுதான் போச்சு," என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அக்கா ஹார்னை நிமிர்த்தி வலது கையை அதன் வாய்க்குள் விட்டார். சிரித்தார்.

"என்னுது," என்றார்.